ஆலமரத்தடிக்கு வந்தவர்கள்

ஊர் மலர் என்றால் கோயிலின் வரலாறு, பள்ளிக்கூடத்தின் வரலாறு, ஊரணி வெட்டிய கதை என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை கட்டடமோ அறங்காவலரோ இல்லாத ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட தமிழ் விக்கிப்பீடியாதான் அது. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் நம்மூர்ப் பேரப்பிள்ளை ஊர்ப் பெயரைக் கைப்பேசியில் தட்டினால், முன்னால் வந்து நிற்பவற்றுள் அதுவும் ஒன்று. அங்கே யார் எழுதுகிறார்கள், புதிதாக எழுத வந்தவர்களால் அந்த இடம் எப்படி மாறியது என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

2003 செப்டம்பர் கடைசியில் பெயர் சொல்லாத யாரோ ஒருவர் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் இ. மயூரநாதன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், அபுதாபியில் வேலை பார்த்தவர். பக்கத்தின் மேலும் கீழும் ஆங்கிலத்தில் கிடந்த பொத்தான்களையும் அறிவிப்புகளையும் தமிழாக்கியதில் பெரும்பங்கு அவருடையது. அதன் பிறகு அவர் எழுதிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில். கனடாவில் இயங்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குத் தந்தது. கதைக்கும் கவிதைக்கும் போகிற விருது ஒரு கலைக்களஞ்சியக்காரருக்குப் போனதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கனடா, ஆஸ்திரேலியா, பெங்களூரு என்று ஆங்காங்கே இருந்த சிலர் வந்து சேர்ந்தார்கள். எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்கிற அளவுக்குச் சிறிய கூட்டம். அவர்கள் வைத்த பெயர்களைப் பார்த்தாலே அந்த வீட்டின் குணம் விளங்கும். பொதுவாகக் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். உதவி கேட்கும் இடம் ஒத்தாசைப் பக்கம். புதியவர் எழுதிப் பழகும் இடம் மணல்தொட்டி. யார் வந்தாலும் அவர் பேச்சுப் பக்கத்தில் ‘வாருங்கள்’ என்று ஒரு வரவேற்பு வைப்பார்கள். கருத்து வேறுபட்டால் கை தூக்கி எண்ணுவதைவிட, பேசிப் பேசி இணக்க முடிவுக்கு வருவதையே பெரிதாக நினைத்தார்கள்.

முதல் உரசல் மொழியிலேயே வந்தது. தொடக்கத்தில் ஈழத்தமிழர் கை ஓங்கியிருந்தது. தமிழ்நாட்டார் பெருகப் பெருக, ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது, மாதப் பெயரை எப்படி எழுதுவது என்று கேள்விகள் கிளம்பின. கணனியா கணினியா என்றால் ஒன்றைத் தலைப்பாக வைத்து, மற்றதைத் தேடுபவரும் அங்கேயே வந்து சேரும்படி ஒரு வழிமாற்றுப் பக்கம் போட்டுச் சமாளித்தார்கள். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளை எழுதலாமா கூடாதா என்ற சண்டை அப்படித் தீரவில்லை. அது ஆண்டுக்கணக்கில் நடந்தது. சிலர் மனம் வெறுத்து ஒதுங்கியதும் உண்டு. ஆனாலும் அந்தப் பழைய உரையாடல்களை இன்று எடுத்துப் படித்தால், கோபத்திலும் ‘நீங்கள்’ என்றே விளித்துக்கொள்வதைப் பார்க்கலாம். இணையத்தில் அது சின்ன விஷயமில்லை.

பெரிய சோதனை 2009–10இல் வந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கூகுள் நிறுவனம் இந்திய மொழிகளில் இணையத்தில் படிக்கப் போதிய அளவு இல்லை என்று கண்டு, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைக் கூலி கொடுத்து மொழிபெயர்க்க வைத்தது. தன்னுடைய மொழிபெயர்ப்புக் கருவியையும் தந்தது. நீளநீளமான கட்டுரைகள் தமிழில் வந்து இறங்கத் தொடங்கின. எண்ணிக்கையைப் பார்த்தால் கொண்டாட வேண்டியதுதான். உள்ளே போய்ப் படித்தால் வாக்கியம் தலைகீழாக நிற்கும். இல்லாத பக்கங்களுக்குப் போகும் சிவப்பு இணைப்புகள் வரிக்கு வரி முளைத்திருக்கும். தலைப்புகளைத் தமிழ் வாசகனின் தேவை பார்த்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இவை எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது வேறொன்று. பழையவர்கள் அந்தப் புதுக் கணக்குகளின் பேச்சுப் பக்கத்தில் போய், ‘இந்த வரியைக் கொஞ்சம் பாருங்கள்’ என்று எழுதுவார்கள். பதில் வராது. அடுத்த கட்டுரை வந்து விழும். வந்தவர்களுக்கு அது முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை. ஆலமரத்தடி என்று ஓர் இடம் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அனுப்பியவர்கள் சொல்லி அனுப்பவில்லை.

வங்காள விக்கிப்பீடியர்கள் இத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்துவிட்டார்கள். தமிழ்க்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். ‘கொஞ்சம் நிறுத்துங்கள், பேசுவோம்’ என்று கூகுளிடமே சொன்னார்கள். எந்தத் தலைப்புகள் வேண்டும், எந்தத் தரத்தில் வேண்டும், வந்ததைத் திருத்துவது யார் பொறுப்பு என்று பேசினார்கள். 2010 ஜூலையில் போலந்தின் கதான்ஸ்க் நகரில் விக்கிப்பீடியர்கள் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் இந்த அனுபவத்தைக் கட்டுரையாகவே வாசித்தார். ஊதியம் பெறாத ஒரு சிறு குழு, உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றிடம் நிதானம் தவறாமல் வாதாடியது தமிழிணைய வரலாற்றில் பொறிக்கத்தக்க செயல் என்பேன். பின்னால் 2018இல் ‘வேங்கைத் திட்டம்’ என்ற பெயரில் இந்திய மொழிகளுக்குள் கட்டுரைப் போட்டி நடந்தபோது, அதே கூகுள் மறுபடி வந்தது. இந்த முறை, ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. எழுதும் வேலையை அவர்களிடமே விட்டது. அந்த ஆண்டு பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம்.

கூகுள் கட்டுரைகள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2010 ஜூனில் நடந்த கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி வைத்தது. பரிசுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பரிசோடு போய்விட்டார்கள். தங்கியவர் சிலரே. 2017இல் பள்ளிக் கல்வித் துறையின் ஏற்பாட்டில் ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி நடந்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன. ஆசிரியர்கள் பாடம் நடத்துகிற நடையிலேயே எழுதினார்கள். முடிவில் அறிவுரை வைத்தார்கள். பாடநூலை அப்படியே படியெடுத்தவர்களும் உண்டு. காப்புரிமை என்றால் என்ன, மேற்கோள் எதற்கு என்று பழையவர்கள் பக்கத்துக்குப் பக்கம் போய் விளக்க வேண்டியிருந்தது. பயிற்சிக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததற்கும், திரையில் எச்சரிக்கைப் பட்டை ஒட்டியதற்கும் பலன் ஒன்றாக இருக்க முடியாது என்பது என் துணிபு.

புதியவர் வரவால் எழும் இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. யூஸ்நெட் என்ற பழைய வலையமைப்பில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் புது மாணவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் வந்து குழப்புவார்கள். சில வாரங்களில் பழக்கவழக்கம் பிடிபட்டு அடங்குவார்கள். 1993–94 வாக்கில் வணிக நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்ததும் வருகிறவர் வரிசை நிற்கவேயில்லை. ‘முடியாத செப்டம்பர்’ என்று பழையவர்கள் அதற்குப் பெயர் வைத்துப் புலம்பினார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் நடந்தது இதற்கு மறுதலை. அங்கே 2007க்குப் பிறகு எழுதுகிறவர் தொகை குறையத் தொடங்கியது. ஆரன் ஹாஃபேக்கர் என்ற ஆய்வாளரும் மேலும் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அதன் காரணத்தைத் தேடியது. விஷமிகளைத் தடுக்க வைத்த தானியங்கிகளும் இறுகிப்போன விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் முதல் நாளே விரட்டிவிட்டன என்று அது காட்டியது. புதியவர்கள் வெள்ளமாக வந்து பழக்கத்தை அடித்துக்கொண்டு போனதை யூஸ்நெட்டில் பார்க்கிறோம். ஆங்கில விக்கிப்பீடியாவிலோ பழக்கமே மதிலாகி, வந்தவரை வெளியே நிறுத்தியது.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இரண்டாவது ஆபத்துதான் அதிகம் என்று நினைக்கிறேன். நம்மூரையே எடுத்துக்கொள்வோம். தரையில் பதிக்கும் பூக்கல் போடுகிற பட்டறைக்காரர் ஒருவர் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைப்பது, பூ அச்சை உள்ளே இறக்கி வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவது, அச்சைக் கலையாமல் தூக்குவது, மேலே உலர்ந்த சிமெண்டைத் தூவிப் பிறகு மணற்கலவை போட்டு மட்டம் தட்டுவது, தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியைப் பிரிப்பது என்று எல்லாம் அவர் கைக்குத் தெரியும். எழுதி முடித்துக் கடைசியில், ‘தேவைக்கு அணுகவும்’ என்று தன் கைப்பேசி எண்ணையும் போட்டுவிடுவார். எண்ணை நீக்கத்தான் வேண்டும். ஆனால் கூடவே, அச்சான நூலில் சான்று இல்லை என்று மொத்தப் பத்தியையும் நீக்கினால்? அவர் மறுநாள் வரமாட்டார். அந்தச் செய்முறை வேறு யாராலும் எழுதப்படவும் மாட்டாது.

கைத்தொழில் அறிவுக்கு அச்சுச் சான்று கேட்டால் எங்கே போவது என்ற கேள்வியை அச்சல் பிரபாலா என்பவர் 2011இல் எடுத்த ஆவணப்படம் எழுப்பியது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி மொழி பேசும் ஊர்களுக்குப் போய், விளையாட்டையும் தொழிலையும் செய்பவர் வாயால் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவையே மேற்கோளாகக் காட்டினார்கள். அந்த முறை பரவலாக ஏற்கப்படவில்லை. நம் பக்கத்துக்கு அது மிகவும் தேவை. பட்டறையில் ஒருவர் கல் போடுவதைப் படம்பிடித்து, அதன் ஒவ்வொரு படியையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, விக்கிமீடியாவின் பொதுவகத்தில் ஏற்றினால், பின்னால் எழுதுகிறவருக்குக் காட்ட ஒரு சான்றாவது இருக்கும்.

இம்மலரைப் படிக்கிற நம்மூர் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். கலவையில் எந்த ஊர் மணலைச் சேர்க்கிறார்கள், எத்தனை நாள் ஊறவைக்கிறார்கள், முன்பு என்னென்ன பூ அச்சுகள் இருந்தன, இப்போது எவை புழக்கத்தில் இல்லை என்று பட்டறைகளில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பாருங்கள். கட்டுரையில் சேர்த்ததை யாராவது நீக்கினால் கோபித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பேச்சுப் பக்கத்தில் ஏன் என்று கேளுங்கள். அங்கும் பதில் கிடைக்காவிட்டால் ஒத்தாசைப் பக்கத்தில் எழுதுங்கள். அதை நீக்கிய பழைய பயனருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: நீக்கும்போதே, காரணத்தை எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில் உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.