ஓர் அங்குலச் சிப்பாய்கள்

சென்ற கோடை விடுமுறையில் வெளிநாட்டில் படிக்கும் என் தங்கை மகன், வண்ணார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டிற்கு ஒரு பெட்டி நிறைய உலோகப் பொம்மைகளோடு வந்தான். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும் உயரம். வண்ணம் ஏறாத ஈயநிறம். பழைய போர்களை மேசைமீது பகடை உருட்டி மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டுக்கு உரியவை அவை. அவன் தேர்ந்திருந்தது கர்நாடகப் போர்க்காலத்துப் பிரெஞ்சுப் படையை. "மாமா, வரலாற்றை நீங்க பாத்துக்கோங்க, வண்ணத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

முதற் சிக்கல் உடையில் எழுந்தது. பிரெஞ்சுப் படை என்றதும் நம் மனக்கண்ணில் எழும் நீலச்சட்டை நெப்போலியன் காலத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களது காலாட்படை பெரும்பாலும் பழுப்பேறிய வெள்ளையே உடுத்தியது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் நின்ற லொரேன் படைப்பிரிவுக்கு அந்நிறமே. ஆனால் தளபதி லாலியின் சொந்தப் படைப்பிரிவு ஐரிஷ்காரர்களால் ஆனது. அவர்கள் அணிந்தது சிவப்பு. எதிரே நின்ற அயர் கூட்டின் ஆங்கிலேயரும் சிவப்பே. உடையைக் கொண்டு பகைவனை அறிய இயலாத களம் அது.

இரண்டாம் சிக்கல் பெரிது. கறுப்புப் பூச்சு உலர்ந்தபின், எல்லா முகங்களுக்கும் இளஞ்சிவப்பைக் குழைத்து வைத்திருந்தான் பையன். அங்கே நான் தடுத்தேன். 1746இல் அடையாற்றங்கரையில் மாபூஸ்கானின் பெரும்படையை முறியடித்த பிரெஞ்சுப் படையில் ஏறத்தாழ ஆயிரம் பேரே இருந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள். தலைப்பாகையும் இடைக்கச்சையும் அணிந்து, ஐரோப்பியத் துப்பாக்கி ஏந்தியவர்கள். ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல் நாட்குறிப்பு எழுதிவைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. வென்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்று நாமும் பாடம் நடத்திவிடுகிறோம். எனவே பத்து முகங்களில் ஆறேழு மாநிறம் பெற்றன. மூக்கின் மேட்டிலும் கன்னத்திலும் சற்றே வெளிறிய பழுப்பைத் தொட்டு வைத்ததும், அம்முகங்கள் எங்கோ பார்த்தவை போல் ஆயின.

இறுதியாக யூசுப்கான். நம் சீமைக்கு நேரே உரியவர். ஆங்கிலேயரின் சிப்பாய்த் தளபதியாக நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு பொருதவர். மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டவர். 1763இல் அவரே ஆங்கிலேயருக்கும் ஆர்க்காட்டு நவாபுக்கும் எதிராகப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அந்நாளில் அக்கொடி மூவண்ணமன்று, வெள்ளை. அவரிடம் பணியாற்றிய மர்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரியும் சேர்ந்தே அவரைப் பிடித்துக் கொடுத்தார். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் யூசுப்கான் தூக்கிலிடப்பட்டார்.

கதையைக் கேட்டுவிட்டுப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டே பையன் கேட்டான்: "மாமா, அப்போ இவர எந்தப் பக்கம் நிறுத்துறது?"

விளையாட்டின் விதிகளில் பக்கங்கள் இரண்டுதான். யூசுப்கானுக்கு வண்ணம் தீட்டி முடித்தாயிற்று. மேசையின் ஓரத்தில் இன்னும் தனியாகத்தான் நிற்கிறார்.