ஓர் எண்ணும் ஒரு பதிவேடும்: ஸ்கீமா மைக்ரேஷன் வரலாற்றில் 2008ஆம் ஆண்டு மாற்றம்

மார்ட்டின் ஃபவுலரும் பிரமோத் சதலகேயும் 2003 ஜனவரியில் வெளியிட்ட ‘எவல்யூஷனரி டேட்டாபேஸ் டிசைன்’ கட்டுரை, தரவுத்தளத்தின் அமைப்பை (ஸ்கீமாவை) படிப்படியாக மாற்றும் துறையில் மூலநூல் போல ஆகிவிட்டது. 2016இல் அதற்கு ஒரு திருத்தப் பதிப்பு வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு சொல் மாறியிருப்பது தெரியும். தரவுத்தளத்தில் செய்யும் மாற்றமெல்லாம் ரீஃபேக்டரிங் என்றது 2003 பாடம். எல்லாமே மைக்ரேஷன் என்கிறது 2016 பாடம். இதை வெறும் பாடபேதம் என்று தள்ளிவிட முடியாது என்பதே என் கட்சி.

2016 பாடத்தை மட்டும் படிப்பவர், அட்லஸ் என்ற திட்டத்தில் 2000 வாக்கில் முளைத்த வழக்கமே நேராக வளர்ந்து இன்றைய மைக்ரேஷன் கருவிகளாகிவிட்டது என்ற முடிவுக்கு வருவார். ஆசிரியர்கள் இப்படி வெளிப்படையாக எழுதவில்லை. ஆனால் பழைய வழக்கத்துக்குப் புதுப்பெயர் சூட்டும்போது இடையில் இருந்த முறிவு மறைந்துபோகிறது. பாடப்புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் இந்த நேர்கோட்டைத்தான் திரும்பத் திரும்ப ஒப்பிக்கின்றன.

2003 பாடம் காட்டும் பணிச்சூழலைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு டெவலப்பருக்கும் தனித் தரவுத்தளம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு மாஸ்டர். மாற்றங்களை அடிக்கடி மாஸ்டரில் சேர்த்துவிட வேண்டும். அங்கிருந்து அவை மற்றவர்களின் தரவுத்தளங்களுக்குத் தானாகப் பரவும். டெவலப்பர்களோடு ஒட்டி உட்கார்ந்து வேலை செய்ய ஒரு டிபிஏ (தரவுத்தள நிர்வாகி) உண்டு. இந்த ஏற்பாட்டில் எது முந்தியது, எது பிந்தியது என்ற கேள்விக்கு மாஸ்டரே பதில். வரிசை ஒன்றுதான். வரிசை ஒன்றானால், ஒரு தரவுத்தளம் எதுவரை வந்திருக்கிறது என்று சொல்ல ஒற்றை எண் போதும்.

2005இல் ரூபி ஆன் ரெயில்ஸில் வந்த மைக்ரேஷன் இதே கணக்கில்தான் இயங்கியது. கோப்புகளின் பெயர்கள் 001, 002 என்று தொடங்கும். தரவுத்தளத்தில் ‘ஸ்கீமா_இன்ஃபோ’ என்ற டேபிள் இருக்கும். அதில் ‘வெர்ஷன்’ என்ற ஒரே பத்தி, ஒரே வரி. அந்த எண்ணைவிடப் பெரிய எண் கொண்ட கோப்புகளை மட்டும் ஓட்டிவிட்டு எண்ணை உயர்த்திக்கொள்ளும். இதுவரை நேர்கோட்டு வாசிப்போடு எனக்குச் சண்டை இல்லை.

முறிவு 2008இல் வெளிவந்த ரெயில்ஸ் 2.1இல் இருக்கிறது. அதன் தரவுத்தளப் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டின் சேஞ்ச்லாக்கில் உள்ள இரண்டு பதிவுகளைக் கல்வெட்டைப் படிப்பதுபோல நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்றில் 11458 என்ற டிக்கெட் எண். மைக்ரேஷன் எண்ணை யூ.டி.சி. நேரமாக மாற்றியிருக்கிறோம், வெவ்வேறு கிளைகளில் இரண்டு மைக்ரேஷன்கள் ஒரே எண்ணைப் பெறும் தொல்லை கிட்டத்தட்ட ஒழிந்துவிடும் என்கிறது அது. கிளைகளை மெர்ஜ் செய்தபின் தேவைப்படும் மைக்ரேஷனைத் தனியாக ஓட்ட ஒரு கட்டளையும் தருகிறது. இன்னொன்றில் 11493 என்ற எண். எந்தெந்த மைக்ரேஷன் ஓடியது என்பதை ‘ஸ்கீமா_மைக்ரேஷன்ஸ்’ என்ற புது டேபிளில் குறித்துவைத்து, இடையிடையே வந்து சேரும் மைக்ரேஷன்களுக்கும் வழிசெய்கிறது. சுவடிப் பதிப்பாளருக்கு இடைச்செருகல் குற்றம். இங்கே அதற்கு முறைப்படி அனுமதி கிடைக்கிறது.

இவ்விரண்டையும் ஒரே சீர்திருத்தமாகப் பேசுவது வழக்கம். ஆனால் டிக்கெட் எண்கள் இரண்டு, முன்பின் உண்டு. எண் நாளைச் சொல்லாது, வரிசையைச் சொல்லும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுப் பார்த்தால்தான் விஷயம் துலங்குகிறது.

ஒருவர் தன் கிளையில் திங்கட்கிழமை ஒரு மைக்ரேஷன் எழுதுகிறார். மற்றொருவர் பொதுக்கிளையில் புதன்கிழமை ஒன்றை எழுதி, அன்றே புரொடக்‌ஷனில் டெப்ளாய் செய்துவிடுகிறார். வியாழக்கிழமை திங்கள் கிளை மெர்ஜ் ஆகிறது. பழைய மூன்றிலக்க முறையில் இருவரும் 012 என்று பெயர் வைத்திருப்பார்கள். ஒரே எண்ணில் இரண்டு கோப்பு என்று ரெயில்ஸ் பிழை எறிந்து நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் தவறு கண்முன் தெரியும். நேர எண் வந்து, தரவுத்தளக் குறிப்பு ஒற்றை எண்ணாகவே இருந்தால் என்ன ஆகும்? குறிப்பில் இருப்பது புதன்கிழமை எண். திங்கட்கிழமைக் கோப்பு அதைவிடச் சிறியது; ஓட்டவேண்டியதில்லை என்று கருவி தாண்டிப் போய்விடும். டெப்ளாய்மென்ட் சுத்தமாக முடியும். திங்கட்கிழமைக் கோப்பு சேர்க்க வேண்டிய பத்தி டேபிளில் இருக்காது. யாரோ ஒரு பயனர் அந்தப் பத்தி தேவைப்படும் பக்கத்தைத் திறக்கும்போதுதான் பிழை வெளியே வரும். முதல் டிக்கெட் எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டது என்பேன். தனி மைக்ரேஷனை ஓட்டும் கட்டளையை அதனோடு சேர்த்தே கொடுத்திருப்பதால், எழுதியவர்கள் இதை உணர்ந்தே இருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டளையை நினைவு வைத்துக்கொண்டு ஓட்ட ஒரு மனிதர் வேண்டும். இரண்டாவது டிக்கெட்டின் டேபிள்தான் அந்த மனிதரின் வேலையை எடுத்துக்கொண்டது. ஓடியவற்றின் எண்கள் எல்லாம் அதில் வரிவரியாக நிற்கின்றன. பட்டியலில் இல்லாதது எவ்வளவு பழையதானாலும் ஓடும்.

புது டேபிளில் ‘வெர்ஷன்’ பத்தி எழுத்துச்சரம். நான்கு பைட் முழு எண்ணின் உச்சம் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம், அதாவது பத்து இலக்கம். நேர எண்ணுக்கோ 14 இலக்கம். இடம் போதாததால் சரமாக்கினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எட்டு பைட் எண்ணில் இடம் இருந்தது என்பதால், எண் அளவாக இருந்த நிலை போய்ப் பெயராகிவிட்டது என்றே நான் வாசிக்கிறேன். இந்தச் சான்று அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று கேட்டால், தனியாகத் தாங்காது.

இதற்கெல்லாம் காரணம், கிளைகளை எளிதாக்கிய கிட் என்ற மூலநிரல் மேலாண்மைக் கருவிதான் என்று சொல்லத் தோன்றும். ரெயில்ஸ் மூலநிரல் சப்வெர்ஷனிலிருந்து கிட்ஹப்புக்குப் போனது 2008 ஏப்ரலில், 2.1 வந்தது அதே ஆண்டின் நடுவில். காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த ஐந்திலக்க டிக்கெட் எண்கள் சப்வெர்ஷன் காலத்து டிராக் என்ற டிக்கெட் அமைப்புக்கு உரியவை. கிட்டுக்கு மாறியபின் டிக்கெட்டுகள் லைட்ஹவுஸ் என்ற வேறோர் அமைப்பில் புதிதாக எண்ணிடப்பட்டன. ஆகவே கோரிக்கை, மாற்றத்துக்கு முந்தியது. டிக்கெட் போட்டவர்கள் தம் சொந்தக் கணினியில் ஏற்கெனவே கிட் புழங்கியிருக்கக்கூடும் என்ற ஓட்டையை இந்தச் சான்றால் அடைக்க முடியாது. கிளைகளின் நெருக்கடி, ரெயில்ஸ் கிட்டுக்கு மாறும் முன்பே இருந்தது என்பதுவரை உறுதி.

என் வாதத்துக்கு இடறலாக நிற்பது லிக்விபேஸ். நேதன் வாக்ஸ்லண்ட் 2006இல் தொடங்கிய இந்தக் கருவி மைக்ரேஷனுக்கு வரிசை எண் கேட்பதில்லை. அடையாளக்குறி, எழுதியவர் பெயர், கோப்பு மூன்றும் சேர்ந்ததே ஒரு மாற்றத்தின் அடையாளம். ஓடியவை எல்லாம் பதிவேட்டில் ஏறும். ஆகவே ரெயில்ஸுக்கு முதன்மை கோர முடியாது, கோரவும் இல்லை. எழுதியவர் பெயரே அடையாளத்தின் பகுதியாக இருப்பது, பலர் ஒரே நேரத்தில் தனித்தனியே எழுதுவார்கள் என்ற எதிர்பார்ப்பிலிருந்து வந்தது. அது என் பக்கத்துச் சான்று. 2010இல் வந்த ஃப்ளைவே எதிர்த்திசை: பதிவேடு முழுமையாக இருந்தும், பின்தங்கி வரும் மைக்ரேஷனை வழக்கமான அமைப்பில் அது ஏற்காது, அதற்கென ஒரு விருப்பத்தை இயக்க வேண்டும். 2014இன் ஜாங்கோ 1.7 இன்னும் மேலே போனது. ஒவ்வொரு மைக்ரேஷனும் தான் எதைச் சார்ந்தது என்று சொல்லும். இரண்டு நுனிகள் உண்டானால் இரண்டையும் இணைக்கும் ஒரு மெர்ஜ் மைக்ரேஷன் எழுத வேண்டும். கிட்டின் கமிட் வரைபடம் அப்படியே தரவுத்தளத்துக்குள் இறங்கிவிட்டது.

ஆக, அட்லஸ் அறையில் மாஸ்டரும் டிபிஏவும் வாய்மொழியாகத் தீர்த்த வரிசைப் பிரச்சினையை, கிளைகளில் பிரிந்து வேலை செய்தவர்களுக்காக டேபிள் தீர்க்கத் தொடங்கியது. 2003 பாடத்திலிருந்து 2016 பாடம் நேராக வளரவில்லை. பணிச்சூழல் இடையில் மாறிப்போனது. டிபிஏவின் இடத்தைப் பதிவேடு பிடித்தது என்பதற்குக் கையெழுத்துப்போட்ட சாட்சி யாரும் இல்லை. பதிவேட்டின் வடிவம் மட்டுமே சாட்சி. அதற்குமேல் வேறு விளக்கம் பொருந்துவதாக எனக்குத் தெரியவில்லை.

பழைய ஒற்றை எண் முழுக்க அழியவும் இல்லை. ரெயில்ஸின் ஸ்கீமா கோப்பின் தலைப்பில் ‘வெர்ஷன்’ என்று ஓர் எண் இன்றும் நிற்கிறது. கடைசி மைக்ரேஷனின் எண் அது. இரண்டு கிளைகளிலும் மைக்ரேஷன் எழுதியிருந்தால் மெர்ஜ் செய்யும்போது முதலில் முட்டிக்கொள்வது அந்த வரிதான்.