பற்றாசின் கதை

இருகுறள் நேரிசை வெண்பாவில், முதற் குறட்பாவையும் தனிச்சொல்லையும் ஒட்டுதற்கு இடையிடும் ஓரிரு அசைகளை ‘ஆசு’ என்பர். உலோகத் துண்டுகளை இணைக்கும் பற்றாசே அதற்கு உவமை. யாப்பு வகுப்போடு நாம் நிறுத்திவிடும் இச்சொல்லுக்கு நம் நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு.

போர்ட் டிக்சன் மாவட்டத்து லுக்குட், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ராஜா ஜுமாத் ஆட்சியில் வெள்ளீயச் சுரங்கங்களாற் செழித்தது. பற்றாசின் முதற்பொருள் வெள்ளீயமே. அதில் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலப்பின் 183 பாகை செல்சியசில் உருகும். வானொலி முதற் கணினிவரை இக்கலவையே கோலோச்சியது. 1972 முதல் பினாங்கின் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இளம்பெண்கள் பலர் அங்கே பற்றாசுப் பணி செய்தனர்.

காரீயமோ நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆதலின் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் அதற்குத் தடை விதித்தது. சில விலக்குகளும் அளித்தது. மாற்றாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை ஏறத்தாழ 217 பாகையில் உருகத் தொடங்கும். செம்பும் வெள்ளீயமும் கூடுமிடத்தில் உண்டாகும் நொய்ய படலம், வெப்பத்தால் நாளடைவில் தடித்து இணைப்பைப் பிளக்கும்.

இதற்கு மருந்தாக நுண்துகள்களைக் கலந்து ஆராய்கின்றனர். மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் கோபால்ட், நிக்கல் துகள்களைச் சோதித்துள்ளனர். அலுமினா போன்ற உருகாத் துகள்கள், உலோக மணிகள் பருக்காதவாறு அவற்றின் எல்லையில் தடையாய் நிற்கும். அளவு மிகின் துகள்கள் திரண்டு வலுவைக் குறைக்கும். வெண்பாவின் ஆசும் ஓரிரு அசைக்கு மேற்படாதன்றோ?

ஆசிரியர்களே, அறிவியல் வகுப்பிலும் ‘பற்றாசு’ என்றே சொல்லுவோம். தொழிற்சாலைக்குச் செல்லும் நம் பிள்ளை, தன் கைத்தொழிலுக்குத் தன் மொழியில் பெயருண்டென அறிந்து செல்லட்டும்.