நிப்பா மூளைக்காய்ச்சலும் தீவிர சிகிச்சையும் (நெகிரி செம்பிலான், 1998–99)

நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் புக்கிட் பிலாண்டோக், 1999 வரை மலேசியாவின் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளுள் ஒன்று. பண்ணை முதலாளிகள் பெரும்பாலும் சீனர்கள்; கொட்டகைகளில் இந்தியத் தொழிலாளர்களும் வேலை பார்த்தார்கள். நோய் இரு தரப்பினரையும் விட்டுவைக்கவில்லை.

1998 இறுதியில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய காய்ச்சல், விற்கப்பட்ட பன்றிகளோடு தெற்கே வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் அதிகம் தாக்குவது சிறுவர்களை. இங்கே படுத்தவர்களோ பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்த ஆண்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

அதே பல்கலைக்கழக மருத்துவமனையில் கோ கியான் ஜின், டான் சொங் டின் உள்ளிட்ட நரம்பியல் மருத்துவர்கள் 94 நோயாளிகளைக் கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படை ஆவணம். பாதிக்கு மேற்பட்டோருக்கு நினைவு மங்கியது, மூளைத்தண்டு பழுதுபட்டது. கழுத்துத் தசையும், மூச்சு விடுவதற்கான உதரவிதானமும் விட்டுவிட்டு ஒரே சீராகத் துடித்தன. தலையைத் திருப்பினால் கண்கள் எதிர்த் திசையில் நகராமல் தலையோடே போய்விட்டால், நாடியும் வேகமாக ஓடினால், பிழைப்பது கடினம். 30 பேர் இறந்தார்கள்.

நோய்க்கென்று மருந்து கிடையாது. நினைவிழந்தவரின் மூச்சுக்குழாயைக் காத்து, செயற்கைச் சுவாசம் கொடுத்து, மூளை தேறும் வரை உயிரைப் பிடித்துவைப்பதே முதன்மைச் சிகிச்சை.  ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைப் பெற்ற 140 பேரில் 45 பேரும், பெறாத 54 பேரில் 29 பேரும் இறந்ததாக 2001-இல் இக்குழு தெரிவித்தது. குலுக்கல் முறையில் பிரிக்காத ஒப்பீடு என்பதால் அதை உறுதியான சான்றாகக் கொள்ள முடியாது.

மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் மாண்டனர். ராணுவத்தின் துணையோடு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பழந்தின்னி வௌவாலே வைரஸின் இருப்பிடம் என்பது தியோமான் தீவில் சுவா திரட்டிய சிறுநீர் மாதிரிகளால் பின்னர் உறுதியானது.

மலேசிய நோயாளிகளில் இருமல் சிலருக்கே இருந்தது. 2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா பரவியபோதோ, நுரையீரலும் பெரிதும் பாதிக்கப்பட்டு, மூச்சுத் திணறலோடு வந்தவர்களிடமிருந்து மருத்துவமனைக்குள்ளேயே நோய் பரவியது. செவிலியர் லினி புதுசேரி அதில் உயிரிழந்தார்.