பன்னாட்டுத் தத்தெடுப்பும் தமிழகக் குழந்தைகளும்

ஒரு நாட்டில் பிறந்த குழந்தையை வேறு நாட்டில் வாழும் குடும்பம் சட்டப்படி தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது பன்னாட்டுத் தத்தெடுப்பு எனப்படும். குழந்தைக்கு இதில் பெற்றோர் மட்டுமன்றி வீடு, மொழி, உணவு, குடியுரிமை அனைத்தும் மாறுகின்றன. தமிழகத்திலிருந்தும் பல குழந்தைகள் இவ்வாறு வெளிநாடு சென்றுள்ளனர்.

தொடக்க காலம்

இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் (1956) இந்துக்களுக்கு மட்டுமே பொருந்தியது. எனவே வெளிநாட்டுத் தம்பதியர் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் காப்பாளராக அனுமதி பெற்றுக் குழந்தையை அழைத்துச் சென்றனர். தத்தெடுப்பு அவர்கள் நாட்டில்தான் நிறைவுற்றது. இடைப்பட்ட காலத்தில் குழந்தை எந்தக் குடும்பத்துக்கும் முழு உரிமையுள்ள பிள்ளையாக இல்லை.

1984 தீர்ப்பு

இதிலிருந்த முறைகேடுகளைக் குறித்து வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே 1982இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதுவே மனுவாக ஏற்கப்பட்டு, 1984இல் நீதிபதி பி. என். பகவதி தீர்ப்பளித்தார். குழந்தையை முதலில் இந்தியாவிலேயே ஒரு குடும்பத்தில் சேர்க்க முயல வேண்டும். அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியாகவே வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஏற்கும் குடும்பத்தைப் பற்றி ஆய்வறிக்கை வேண்டும் என அத்தீர்ப்பு வகுத்தது. இதன் தொடர்ச்சியாக 1990இல் மத்திய அரசின் தத்தெடுப்பு வள அமைப்பு தோன்றியது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் உறுதிசெய்து ஏற்றது.

விதிகள் இருந்தும் தவறுகள் நின்றுவிடவில்லை. சென்னையில் கடத்தப்பட்ட குழந்தைகள் தத்தெடுப்பு என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது. பெற்றோர் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகள், ஆவணங்களில் ஆதரவற்றோர் ஆக்கப்பட்டிருந்தனர்.

திண்டுக்கல்லும் தொட்டில் குழந்தைகளும்

பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் திண்டுக்கல், மதுரை, தேனி முதலிய மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வளர்க்க இயலாதவர்கள் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். இக்குழந்தைகள் தத்தெடுப்பு மையங்கள் வழியாகப் புதிய குடும்பங்களைச் சேர்கின்றனர்.

இளைஞர் நீதிச் சட்டம் (2015) இதற்கான நடைமுறையை வகுக்கிறது. கண்டெடுக்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோர் முறைப்படி ஒப்படைத்தால், மறுபரிசீலனை செய்ய அவர்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.

புதிய குடும்பத்தில்

காப்பகத்தில் பல குழந்தைகளோடு சேர்ந்து உறங்கிய பிள்ளைக்குத் தனி அறை அச்சம் தரலாம். சோறும் ரசமும் பழகிய நாக்குக்குப் புதிய உணவு பிடிக்காமல் போகலாம். சில குழந்தைகள் உணவை ஒளித்து வைப்பதும் உண்டு; அடுத்த வேளை கிடைக்குமா என்ற பழைய ஐயமே அதற்குக் காரணம். முதல் வாரங்களில் குழந்தை அமைதியாக இருந்தால் பழகிவிட்டது என்று பொருளில்லை. அழுது அடம்பிடிப்பது சில வேளைகளில் நம்பிக்கை பிறந்ததன் அடையாளம்.

தாய்மொழி விரைவில் மறைகிறது. 3 முதல் 8 வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களில் சேர்ந்த கொரியர்கள், பெரியவர்களானபின் கொரிய மொழியை அடையாளம் காணவே இயலாதிருந்தனர் என 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனினும் நெதர்லாந்தில் வளர்ந்த கொரியர்கள் அம்மொழியின் ஒலிகளை மற்றவர்களைவிட விரைவாகக் கற்றதை 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று கண்டது. நினைவில் இல்லாத மொழியும் சுவடின்றி அழிவதில்லை.

குழந்தை எவ்வாறு பழகுகிறது என்பதை முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் அறிக்கையாக அனுப்ப வேண்டும் என்பது விதி.

வேர்களைத் தேடுதல்

18 வயது நிறைந்தவர் தம் பிறப்பைப் பற்றிய தகவலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால், தொட்டிலில் விடப்பட்டவரின் கோப்பில் பெற்றோர் பெயர் இல்லாமல் போகலாம். கண்டெடுக்கப்பட்ட நாளும் இடமும் மட்டுமே இருக்கலாம். அன்று ஓர் ஊழியர் கவனமாக எழுதி வைத்த அந்த ஓரிரு வரிகள்தான், கடல் கடந்து வளர்ந்த ஒருவருக்குத் தம் ஊரைப் பற்றிக் கிடைக்கும் முழுச் செய்தி. பதிவேட்டை உண்மையாகவும் முழுமையாகவும் எழுதுவது குழந்தைக்குச் செய்யும் முதல் பாதுகாப்பு.