சங்கத்தின் கதவும் சட்டத்தின் கதவும்



பார்சிலோனாவுக்கு மேற்படிப்புக்குப் போயிருக்கும் நம் மாணவர் ஒருவரிடம், அறைத்தோழர் ஒரு படிவத்தை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "எங்கள் சங்கத்தில் சேர்ந்துவிடு. உனக்கு வயது வந்துவிட்டது. உன்னை நான் அறிமுகம் செய்கிறேன். சந்தா கட்டினால் போதும், எல்லாம் சட்டப்படிதான்" என்கிறார். அது கஞ்சா புகைப்பவர்களின் தனியார் சங்கம். 'சட்டப்படிதான்' என்ற அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1974ஆம் ஆண்டு. ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோ இன்னும் உயிரோடு இருக்கிறார். அப்போதே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சொந்த உபயோகத்துக்காகப் போதைப்பொருள் வைத்திருப்பது குற்றவியல் குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. விற்பதுதான் குற்றம். அப்படியானால் விற்பனையே இல்லாமல், பலர் சேர்ந்து தங்களுக்காக மட்டும் செடி வளர்த்துப் பகிர்ந்துகொண்டால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் சங்கங்கள் பிறந்தன.

1991ல் பார்சிலோனாவில் 'ஆர்செக்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அது எதையும் ஒளித்துச் செய்யவில்லை. "வயது வந்த உறுப்பினர்களுக்காக வளர்த்தால் குற்றமா?" என்று அரசு வழக்கறிஞருக்கே கடிதம் எழுதிக் கேட்டது. கொள்கையளவில் குற்றமில்லை என்று பதில் வந்தது. சுமார் நூறு பேருக்காகச் செடி நட்டார்கள். ஆனால் காவல்துறை வந்து பயிரைப் பறிமுதல் செய்தது. மாநில அளவிலான நீதிமன்றம் விடுதலை செய்தது. 1997ல் உச்ச நீதிமன்றமோ குற்றம் என்றது. அதே ஆண்டில் பில்பாவோ நகரில் 'கலாமுதியா' என்ற அமைப்பு நட்ட செடிகள் தொல்லையின்றி அறுவடையாயின. ஒரே நாடு, ஒரே செடி, இரண்டு நியாயம்!

2001க்குப் பிறகு பார்சிலோனாவில் சங்கங்கள் பெருகின. பழைய உறுப்பினரின் அறிமுகம், மூடிய கதவு, லாபமில்லாக் கணக்கு ஆகியவையே தொடக்கக் கால விதிகள். நாளடைவில் சில சங்கங்கள் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்தன. சுற்றுலாப் பயணிகளையும் வரவேற்றன. 2015ல் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. நிலையான அமைப்பாக இயங்கி, புதியவர்களுக்குக் கதவு திறந்து விநியோகிப்பது கடத்தலே என்றது. கட்டலோனியா நாடாளுமன்றம் 2017ல் சங்கங்களுக்கென ஒரு சட்டம் நிறைவேற்றியது. மறு ஆண்டே அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அன்பர்களே, இதிலிருந்து நமக்கு விளங்குவது என்ன? அந்தச் சங்கத்துக்கு எந்தச் சட்டமும் உறுதியான உரிமை தரவில்லை. இரண்டு தீர்ப்புகளுக்கு இடையே உள்ள இடுக்கில் அது நிற்கிறது. பொட்டலத்தோடு தெருவில் இறங்கிப் பிடிபட்டால், 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் 601 யூரோவில் தொடங்குகிறது.

ஜெர்மனியின் கதை வேறு. அங்கே 2024 ஜூலை முதல் வளர்ப்புச் சங்கங்களுக்குச் சட்டமே இடம் தருகிறது. ஒரு சங்கத்தில் 500 பேருக்கு மேல் கூடாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மாதம் 30 கிராமுக்கு மேல் கிடையாது. 'சட்டப்படிதான்' என்று அங்கே சொன்னால் அதில் பொருள் உண்டு.

ஆனாலும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கேயும் பொருந்தாது. நமது போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம், குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் கடல் கடந்தும் பின்தொடர்கிறது. வெளிநாட்டில் புகைத்தாலும் இங்கே புகைத்ததாகவே கருதப்படும். தண்டனை 10 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பி வரும்போது சிறுநீர்ச் சோதனை ஒன்றே போதும்.

பயணப் பெட்டியில் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் வைத்து அனுப்புகிறோம். இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவோம். அதட்டிச் சொன்னால் பிள்ளைகள் காதில் வாங்க மாட்டார்கள். காரணத்தோடு சொன்னால், அந்தப் படிவம் மேசைக்கு வரும் நாளில் நிச்சயம் நினைத்துப் பார்ப்பார்கள்.