மலையக வைஃபை: தூரத்தின் குற்றமும் தூக்கத்தின் குற்றமும்

ஹட்டன், பொகவந்தலாவை, நுவரெலியாத் தோட்டங்களில் இணையம் நின்றுபோனால் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றே: "சிக்னல் இல்லை." மலை மறைப்பதும் டவர் தொலைவில் இருப்பதும் உண்மைதான். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் போனும் கையுமாக மேட்டில் ஏறி நின்றதை நாடே அறியும். ஆனால் வீட்டில் ரவுட்டர் வந்த பிறகு, திரையில் வைஃபை கோடுகள் நிறைந்திருந்தும் படம் சுற்றிக்கொண்டே இருந்தால் அதற்கும் மலையைப் பழிப்பது பொருந்தாது. அத்தகைய தடங்கல்களில் ஒரு பகுதிக்குக் காரணம், பெட்டரியைச் சேமிக்கச் சாதனத்தின் ரேடியோ தூங்கிப்போவதே. தூக்கமும் பலவீனமான அலையும் சேரும் இடத்தில்தான் அது முற்றுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலையின் 1997 ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே இத்தூக்கத்துக்கு விதி உண்டு. சாதனம் ரவுட்டரிடம் அறிவித்துவிட்டு ரேடியோவை அணைக்கும். அதற்கு வரும் தரவுப் பொதிகளை ரவுட்டர் தேக்கி வைத்து, வழக்கமாக 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வீசும் பீக்கன் என்ற அறிவிப்பில் யார் யாருக்குப் பொதி காத்திருக்கிறது என்று சொல்லும். சாதனம் அந்நேரம் விழித்துக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தில் வந்து குவிவதைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பெயர் வாசிக்கும்போது அங்கே இல்லாதவரின் கடிதம் அங்கேயே கிடக்கும்.

சாதாரணப் பொதி வழியில் தொலைந்தால் ரவுட்டர் உடனே மறுபடி அனுப்பும். பீக்கன் அப்படியல்ல. அது எல்லாருக்கும் பொதுவாக வீசப்படுவது. கிடைத்ததா என்று எவரும் பதில் சொல்வதில்லை, தவறினால் அடுத்ததுதான். பல காம்பராக்களுக்கு ஒரே ரவுட்டர் என்றிருக்கும் லயத்தில் கடைசிக் காம்பராவுக்கு அலை சுவர் சுவராய்த் தாண்டி வர வேண்டும். அங்கே இரண்டு பீக்கன் தவறினால் 100 மில்லிசெக்கன் காத்திருப்பு 300 ஆகிறது.

300 மில்லிசெக்கன் ஒரு தடங்கலா என்று கேட்கலாம். குரல் அழைப்பில் அது சொல்லை விழுங்கப் போதும். இணையப் பக்கம் திறக்கவும் பெயர்த் தேடல், தொடர்பு ஏற்படுத்தல், குறியாக்க உடன்பாடு என்று பல சுற்றுகள் உண்டு. அவசரமாகத் தூங்கும் சாதனத்தில் ஒவ்வொரு சுற்றும் தாமதித்தால் செக்கன்கள் கழிகின்றன. சாதனம் விழித்திருக்கையில் அது தூங்குவதாக ரவுட்டர் எண்ணும் மென்பொருள் கோளாறு இன்னும் மோசம். ஒன்றும் உடையவில்லை, ஆனால் ஒன்றும் வராது.

இரண்டு குற்றங்களையும் பிரித்தறிவது கடினமல்ல. அதே வைஃபையிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து, தடங்கும் சாதனத்துக்குச் செக்கனுக்கு ஒன்றாகப் பிங் எனும் சோதனைப் பொதியை அனுப்ப வேண்டும். வெளியிணையத்தைத் தொடவே கூடாது. தொட்டால் டவரின் குற்றமும் கணக்கில் கலந்துவிடும். பதில் வரும் நேரம் 3, 90, 140 மில்லிசெக்கன் என்று தாவி, செக்கனுக்குப் பத்தாக அனுப்பும்போது சீரானால் குற்றம் தூக்கத்தினுடையது: போக்குவரத்து ஓயாததால் ரேடியோ தூங்க இடமில்லை. தூரம்தான் காரணமென்றால் விரைந்து அனுப்பினாலும் பொதிகள் தொலையும். ரவுட்டருக்கு அருகில் கொண்டுபோனால்தான் சரியாகும். விண்டோஸ் மடிக்கணினிக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. வழக்கமான அமைப்பில் அது பெட்டரியில் ஓடும்போது வைஃபையைச் சிக்கனப்படுத்தும், சார்ஜர் செருகினால் முழு வலுவில் விடும். செருகியதும் தடங்கல் மறைந்தால் புதிய ரவுட்டர் வாங்கத் தேவையில்லை.

குற்றம் தூக்கத்தினுடையது என்று தெரிந்தாலும் பெட்டரியை மறக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. லக்ஷபானவில் மின்சாரம் பிறக்கும் மலைநாட்டுக்கும் விலக்கில்லை. அத்தகைய நாட்களில் வைஃபையின் மின்சேமிப்பை முற்றாக அணைக்கச் சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை. விழித்தே இருக்கும் ரேடியோ பெட்டரியைத் தின்றுவிடும். ஆசிரியரின் மடிக்கணினியில் பாடம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் அணைக்கலாம். லினக்ஸில் அதற்கு ஒற்றைக் கட்டளை போதும். போனில் சேமிப்பை அப்படியே விட்டுவிடலாம். பிரிண்டர் வைஃபையில் அடிக்கடி காணாமற்போனால், பொது அறிவிப்புகளை எத்தனை பீக்கனுக்கு ஒருமுறை அனுப்புவது என்ற எண்ணை ரவுட்டரில் 3 இலிருந்து 1 ஆக்கிப் பார்க்கலாம். எல்லா ரவுட்டரிலும் அந்த எண்ணைப் பாவனையாளர் மாற்ற முடியாது. அங்கே சாதனத்தின் பக்கம் திருத்துவதே வழி.